ஒன்றுகூடக் குறையவில்லை

தையற்கார அம்மா வரும்போதே கோபமாகத்தான் வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

"எம் புருஷனைப் புதைச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள அவரைப் பொய்யன்னு சொல்றாங்க. அதைக் கேட்டுக்கிட்டு நான் வாயை மூடிட்டு இருக்கணுமாம்."

எதிரே உட்கார்ந்திருந்தவர் காப்பீட்டு நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். எரிந்துபோன கடைகளையும் காணாமல்போன சரக்குகளையும் விசாரித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் 'நிதானம்'. வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்பது அவருடைய மனைவியின் நெடுநாள் புகார். மனைவி கணக்கு டீச்சராக இருந்தவர். இப்போது பிள்ளைகளை அதட்ட வழியில்லாததால், கணவரிடம் வரும் வழக்குகளில் தலையை நுழைத்து, பார்க்கிறவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு சொன்னா? எவன் சொன்னான்?" என்று டீச்சர் அப்போதே இடுப்பில் கையை வைத்துவிட்டார்.

"அந்த ஹார்ட் டாக்டர்தான்."

நிதானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா. கோபம் இருக்கட்டும், அது வேணும். ஆனா கதை வரிசையா வரட்டும்."

கதை வரிசையாக வந்தது. கணவர் லாரி ஓட்டியவர். இதயம் பலவீனமாகி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்க, வண்டியை விட்டு இறங்கினார். வழக்கமாகப் பார்க்கும் இதய மருத்துவர் ஒருநாள், புது மாத்திரை ஒன்று ஆய்வில் இருக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார். பழைய மாத்திரையை நிறுத்திவிட்டுப் புதியதைச் சாப்பிட வேண்டும். அது ஒத்துக்கொள்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். லாரிக்காரர் சேர்ந்தார். பின்னாலேயே தையற்கார அம்மாவின் தம்பியும் சேர்ந்தார். அவருடையது மாரடைப்பு வந்து பிழைத்த உடம்பு.

"ஒருநாள் விடாம சாப்பிட்டார் ஐயா. பல் தேய்ச்சதும் மாத்திரைதான் முதல் வேலை. எண்ணெய் பார்க்காம வண்டியை எடுக்காத மனுஷன், உடம்பையும் அப்படித்தான் பார்த்துக்கிட்டார். கொஞ்ச நாள்ல குளிக்கப் போனவர் மயங்கி விழுந்துட்டார். எழுந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தார். 'ஒண்ணுமில்ல, தொடர்ந்து சாப்பிடுங்க'ன்னு அனுப்பிட்டாங்க. அடுத்த தடவை விழுந்தவர் எந்திரிக்கவே இல்ல."

டீச்சர் வாயைத் திறந்தார். நிதானம் கையைக் காட்டி அடக்கினார்.

"அடக்கம் முடிஞ்சதும் போன் வந்துச்சு. மாத்திரை பாட்டில் ஆய்வுக்குச் சொந்தமாம், திருப்பித் தரணுமாம். பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். பஸ்ஸுல மடியில வச்சிருந்தேன். மிச்சம் கிடந்த மாத்திரை வழி பூரா கலகலன்னு ஆடிக்கிட்டே வந்துச்சு, அழுகைதான் வந்துச்சு எனக்கு. வரவேற்புல கொடுத்துட்டு வந்துட்டேன். மறுநாள் எங்க எல்லாரையும் கூப்பிட்டார் டாக்டர். என் நாத்தனார், தம்பி, எல்லாரும் போனோம். ஒரு பாட்டிலைத் தட்டுல கொட்டி, எங்க கண் முன்னாடியே எண்ணிக் காட்டினார். அவர் மாத்திரையைத் தொடவே இல்லையாம். பழையதும் இல்லாம, புதுசும் இல்லாம, இதயம் நின்னுபோச்சாம்."

"என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

"'பாருங்க, ஒண்ணுகூடக் குறையல'ன்னார்."

"நிறைய மிச்சம் இருக்குன்னு சொல்லல? முக்கால்வாசி இருக்குன்னு சொல்லல?"

"இல்லய்யா. ஒண்ணுகூடக் குறையல. என் காதுல இன்னும் அதுதான் கேட்டுக்கிட்டு இருக்கு." அந்த அம்மா முதல் தடவையாக உட்கார்ந்தார். "நாத்தனார் அங்கேயே என்னைப் பார்த்து, 'ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுக்கத் துப்பில்லையா உனக்கு'ன்னு கேட்டா. அதைக்கூடத் தாங்கிக்குவேன். என் தம்பி அதை நம்பிட்டான். அத்தான் மருந்து சாப்பிடாம ஏமாத்தித்தான் போய்ச் சேர்ந்தார்னு, இவன் ஒருவேளை விடாம முழுங்கறான். அவனுக்கும் இப்ப கிறுகிறுன்னு வருதாம், கண்ணு இருட்டுதாம். நிறுத்துடான்னா, 'அத்தான் மாதிரி நானும் சாகணுமா அக்கா'ங்கறான். நான் என்ன செய்ய?"

செத்தவருக்குப் பழி, இருப்பவருக்கு விஷம். ஒரே பொய் இரண்டு வேலையும் செய்துகொண்டிருந்தது.

"உங்க தம்பி அடுத்து எப்ப அங்க போறார்?" என்றார் நிதானம்.

"இன்னைக்குத்தான். மத்தியானம்."

"அப்ப கிளம்புவோம்," என்று எழுந்தார். செருப்பைத் தேடவில்லை. கிடைத்ததைப் போட்டுக்கொண்டு இறங்கியதை டீச்சர் கவனித்தார்.

மருத்துவ நிலையம் இரண்டு மாடிக் கட்டடம். கீழே வரவேற்பு, வரிசையாக நாற்காலிகள், யாரும் புரட்டாத பத்திரிகைகள். மேலே செவிலியர் அறையும் டாக்டர் அறையும். சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளில் ஒருவருக்கும் கடுமையான பக்கவிளைவு வராத நிலையம் என்று மருந்துக் கம்பெனி பாராட்டியிருந்தது. டாக்டர் அதை வாங்கிக்கொண்டு மேடையில் சிரிக்கும் படமும் பக்கத்தில் இருந்தது. இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நோயே வராத ஊரில்தான் மருத்துவமனை நடத்துகிறார்கள் போல.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். லாரிக்காரர் என்றதுமே முகம் வாடியது.

"நல்ல மனுஷன் சார். கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான். இந்த மிஷின் தண்ணி தொண்டைக்கு ஆகாதாம். முதல் நாளே வெந்நீர்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னார். நர்ஸ் அறைக்கு மாடியேறித் தண்ணி கொண்டுபோறது எப்பவும் என் வேலைதான். அன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை ஏறி இறங்கினேன். திட்டிக்கிட்டே போனேன் சார், இப்ப நினைச்சா கஷ்டமா இருக்கு."

"இந்த அம்மா கொண்டுவந்த பாட்டிலை யார்கிட்ட கொடுத்தீங்க?"

"நர்ஸ்கிட்டதான் கொடுக்கணும். ஆனா டாக்டர் முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தார், நேரா தன்கிட்ட கொண்டு வரணும்னு. கொடுத்துட்டேன்."

மாடியில் செவிலியர் அறையில் ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி, பூட்டிய இரும்பு அலமாரி. செவிலியர் நடுவயதுக்காரர். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை இரண்டு தடவை கீழே போட்டார்.

"அலமாரியில என்னம்மா?"

"ஆய்வு மாத்திரைங்க சார். யாருக்கு எந்த பாட்டில்னு நம்பர் போட்டு கம்பெனியிலேர்ந்தே வரும். அடுத்த தடவைக்கு வேண்டியதும் முன்னாடியே வந்துடும். சாவி ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு டாக்டர்கிட்ட."

"திரும்பி வந்த பாட்டிலை நீங்க எண்ணினீங்களா?"

"வழக்கமா நான்தான் எண்ணுவேன். அதை டாக்டரே வச்சுக்கிட்டார். நான் கண்ணால பார்க்கல."

"அவர் மயங்கி விழுந்ததா வந்து சொன்னாரா?"

செவிலியர் ஜன்னலைப் பார்த்தார். "லேசா தலைசுத்தல்னு... சொன்னார்."

வெளியே வந்ததும் டீச்சர் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, இவதாங்க! முழியைப் பார்த்தீங்களா? சாவியும் இவகிட்டதான் இருக்கு. பாட்டிலை மாத்தினது இவதான். வகுப்புல இப்படி முழிச்ச பிள்ளை ஒண்ணுகூடத் தப்புச் செய்யாம இருந்ததில்ல."

"தப்புச் செஞ்சிருக்கா. ஆனா அந்தத் தப்பை இல்ல."

"பின்ன?"

"இவளா இருந்தா, ஒண்ணு குறைஞ்சிருக்கும்," என்றார் நிதானம். அதற்குமேல் எவ்வளவு குடைந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. டீச்சருக்கு வந்த கோபத்தில் பாதி டாக்டர்மேல், பாதி கணவர்மேல்.

டாக்டர் அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். குரல் மென்மையாக இருந்தது. மோசமான செய்திகளை நல்ல செய்தி மாதிரிச் சொல்லிப் பழகிய குரல். சோதனைக்கு வந்திருந்த தம்பியும் அங்கே இருந்தார். அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆள் வெளிறிப்போயிருந்தார். நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் வந்துட்டியா அக்கா? மானத்தை வாங்காத. டாக்டர் எனக்கு உயிர் கொடுத்தவர்."

"பரவாயில்ல, விடுங்க," என்றார் டாக்டர். "துக்கத்துல இருக்கறவங்க யார் மேலயாவது பழியைப் போடத்தான் பார்ப்பாங்க. நீங்க பெரியவர், நீங்களே இவங்களுக்குப் புத்தி சொல்லுங்க."

"சொல்லத்தான் வந்தேன்," என்றார் நிதானம். "அந்த பாட்டிலைப் பார்க்கலாமா? நர்ஸையும் கூப்பிடுங்க. கீழே இருக்கிற பொண்ணும் வரட்டும். எல்லாரும் இருந்தா ஒரே பேச்சோட முடிஞ்சுடும்."

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து பாட்டிலை எடுத்து வைத்தார். செவிலியரும் வரவேற்புப் பெண்ணும் வந்து கதவோரம் நின்றார்கள். நிதானம் பாட்டிலை எடுத்துக் காதருகே குலுக்கினார். சத்தமே இல்லை. கழுத்துவரை அடைத்திருந்தது.

"இந்த அம்மா பஸ்ஸுல கொண்டு வந்தப்ப கலகலன்னு ஆடுச்சாம்."

"அதெல்லாம் மனபிரமை. நான் எண்ணித்தானே காட்டினேன்? கம்பெனி போட்டு அனுப்பினது அத்தனையும் அப்படியே இருக்கு. ஒண்ணுகூடக் குறையல."

"நல்லது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம் டாக்டர். இது ஆய்வு மருந்து. முதல் நாள் நீங்க பக்கத்துல இருக்கணும் இல்லையா?"

"கண்டிப்பா. அதுதான் விதி. என் நோயாளிங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் முதல் நாள் நான் உட்கார்ந்திருக்கேன். இவர் பக்கத்துலயும்தான்." சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான பெருமை இருந்தது.

"அன்னைக்கு என்ன நடந்தது, கொஞ்சம் சொல்லுங்களேன்."

"என்ன நடக்கும்? ரத்த அழுத்தம் பார்த்தோம். எப்படிச் சாப்பிடணும்னு விளக்கினோம். பாட்டிலைக் கையில கொடுத்து அனுப்பினோம்."

"முதல் மாத்திரையை எங்க சாப்பிடணும்?"

"வீட்டுலதான். மறுநாள் காலையில."

செவிலியர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். நிதானம் அவரைப் பார்க்கவில்லை. வரவேற்புப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அன்னைக்கு வெந்நீர் வேணும்னு அடம்பிடிச்சாரே, எதுக்கு?"

"மாத்திரை போடத்தான் சார்," என்றது அந்தப் பெண், இதென்ன கேள்வி என்பதுபோல. "முதல் மாத்திரையை இங்க நர்ஸ் முன்னாடியே பாட்டில் சீலை உடைச்சுப் போட்டுக்கணும். கொஞ்ச நேரம் படுக்க வச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க. எல்லாருக்கும் அப்படித்தானே? அதுக்குத்தானே நான் தண்ணி தூக்கிட்டு ஏறி இறங்கறேன்?"

தம்பி நாற்காலியில் நிமிர்ந்தார். "ஆமா," என்றார் மெதுவாக. "நானும் இங்கதான் போட்டேன். அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன்." பாட்டிலைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். "அப்படின்னா அத்தான் பாட்டில்ல ஒண்ணாவது குறையணுமே?"

"குறையணும்," என்றார் நிதானம். "வீட்டுக்குப் போய் அத்தனையையும் சாக்கடையில கொட்டினாலும், கொட்டாம வச்சிருந்தாலும், அந்த ஒண்ணு திரும்பி வராது. அது அவர் வயித்துக்குள்ள போயிடுச்சு. ஒண்ணுகூடக் குறையாத பாட்டில் அவரோட பாட்டிலா இருக்கவே முடியாது. யாரோ மாத்தியிருக்காங்க. மாத்தினவர் ஒரே ஒரு மாத்திரையை எடுத்துட்டு வச்சிருந்தா, இந்த உலகத்துல யாராலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. ஏன் எடுக்கல?"

"மறந்துட்டாங்க!" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சாதானே மறக்க? நர்ஸ் தன் கையால கொடுக்கிறாங்க, அவங்களுக்குத் தெரியும். இந்தப் பொண்ணு தண்ணி கொண்டு வருது, அதுக்கும் தெரியும். இங்க வந்து படுத்து எழுந்து போன நோயாளி ஒவ்வொருத்தருக்கும் தெரியும். இந்தக் கட்டடத்துல அது தெரியாத ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும். முதல் நாள் அந்த அறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்." குரல் உயரவில்லை. தாழ்ந்துதான் போயிற்று. "பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்னு பெருமையா சொல்றவர்."

டாக்டரின் முகத்திலிருந்து மென்மை கழன்று விழுந்தது. "ஒரு நடைமுறை விவரம் ஞாபகம் இல்லாததை வச்சு என்னைக் கொலைகாரன் ஆக்கறீங்களா? எனக்கு ஆயிரம் வேலை! நர்ஸ் கொடுக்காம விட்டிருக்கலாம். பாட்டிலை மாத்த அவங்ககிட்டயும் சாவி இருக்கு!"

பழியை அடுத்தவர் தலையில் கட்டுவதற்கு அந்த மனிதர் ஒரு மூச்சுகூட எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் அவர் செய்த இரண்டாவது தவறு. அதுவரை சுவரோடு சுவராக நின்ற செவிலியர் நேராக மேசைக்கு வந்து, பாட்டிலைத் திருப்பி, ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார்.

"இது நான் அவருக்குக் கொடுத்த பாட்டில் இல்ல. அடுத்த தடவைக்குன்னு வந்தது. அலமாரியில அவர் இடம் காலியா இருக்கறதைப் பார்த்தேன். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டதா டாக்டர் சொன்னார், நம்பினேன்." அவருக்கு மூச்சு இரைத்தது. "சார், அவர் தலைசுத்தல்னு சொல்லல. மயங்கி விழுந்தேன்னுதான் சொன்னார். நாடி ரொம்ப மெதுவா இருந்துச்சு. மயங்கி விழுந்தா மாத்திரையை உடனே நிறுத்தணும், கம்பெனிக்குச் சொல்லணும். டாக்டர்கிட்ட ஓடினேன். 'விழுந்ததை யார் பார்த்தா? லேசான தலைசுத்தல்னு போடு'ன்னார். போட்டேன்."

"போட்டேனா?" டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். "ஒரு மனுஷன் தன் உயிரைப் பத்திச் சொல்ல வந்திருக்கான். இவர் போடுன்னாராம், இவங்க போட்டாங்களாம்! கை எப்படிம்மா வந்துச்சு உனக்கு?"

செவிலியர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுதார். அந்த அழுகையை யாரும் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய அழுகையும் இல்லை அது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்த மருந்து நிறையப் பேரைக் காப்பாத்தும்," என்றார் கம்மிய குரலில். "ஒருத்தருக்கு ஒத்துக்கலன்னு எல்லாத்தையும் நிறுத்தினா, எத்தனை வருஷ உழைப்பு... உங்களுக்குப் புரியாது. அந்த அம்மா மனசு புண்படணும்னு நான் நினைக்கவே இல்ல. தெரியாம நடந்துபோச்சு."

"உங்க சுவத்துல மாட்டியிருக்கிற சான்றிதழுக்கு ஒரு கீறல் விழுந்திருக்கும். அதுதான் உங்களுக்குத் தாங்கல," என்றார் நிதானம். "ஒத்துக்குதா இல்லையான்னு பார்க்கத்தான் ஆய்வு. ஒத்துக்கலன்னு வந்து சொன்னவரை அன்னைக்கே நம்பியிருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார். ஒத்துக்கலன்னு உயிரைக் கொடுத்துச் சொன்னதுக்கு அப்புறமும், பொய்யன்னு முத்திரை குத்தி அனுப்பினீங்க. அதை நம்பி இன்னொருத்தர் உங்க எதிர்லயே விஷத்தை முழுங்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

தையற்கார அம்மா டாக்டரின் மேசையருகே போய் நின்றார்.

"தெரியாம நடக்கலய்யா. பார்க்காம நடந்துச்சு. நீங்க பார்க்கவே இல்ல. அவர் மாத்திரை போட்டப்பவும் பார்க்கல, விழுந்தேன்னு வந்து நின்னப்பவும் பார்க்கல. செத்ததுக்கு அப்புறம்தான் எண்ணிப் பார்த்தீங்க. அதையும் தப்பா எண்ணினீங்க."

"அக்கா," என்றார் தம்பி. எழ முயன்றார். பாதி எழுந்தவர் அப்படியே சரிந்து, நாற்காலியின் கையில் மோதித் தரையில் உட்கார்ந்துவிட்டார். செவிலியர்தான் முதலில் ஓடினார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவர் முகம் மாறியது.

"நாடி ரொம்ப மெதுவா அடிக்குது. அவருக்கு இருந்த மாதிரியே. இன்னைக்குக் காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்," என்றார் தம்பி. "ஒருநாள்கூட நான் விட்டதில்லையே."

தம்பி பிழைத்துக்கொண்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பத்தை வைத்து இன்னொரு தடவை பயமுறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அன்றே கம்பெனிக்கும் சுகாதாரத் துறைக்கும் தகவல் போனது. மற்ற நோயாளிகள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். செவிலியர் கேட்ட இடத்திலெல்லாம் உண்மையைச் சொன்னார், தான் செய்ததையும் சேர்த்து. ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்று மத்தியானம் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தம்பியைப் படுக்கையோடு ஏற்றினார்கள். அக்கா பின்னாலேயே ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் டாக்டர் படியிறங்கி ஓடிவந்தார். ஒருவேளை அந்த நேரத்தில் அவருக்கு உண்மையாகவே பதறியிருக்கலாம். அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

"நானும் வர்றேன். வழியில எதாவதுன்னா நான் பக்கத்துல இருக்கணும். இவர் என் பேஷண்ட்."

தையற்கார அம்மா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நேத்துவரைக்கும் உங்க பேஷண்ட். இப்ப என் தம்பி," என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார். வண்டி கிளம்பியது.